கொப்சாங்குக்கு ஓகே, பாட்டி வைத்த குடல் குழம்புக்கு வேண்டாமா? சுட்ட குடல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொரிய நாடகம் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழக்கம். வேலை முடிந்து வந்த இரண்டு பேர், நடுவில் சூடான இரும்புத் தட்டு, அதன் மேல் எண்ணெய் கக்கிக்கொண்டு பொன்னிறமாகச் சுருளும் துண்டுகள், பக்கத்தில் பச்சை நிற சோஜு பாட்டில். கடைக்காரர் வந்து கத்தரிக்கோலால் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டுப் போவார். அதுதான் கொப்சாங். மாட்டின் சிறுகுடல்.

கோலாலம்பூரில் அம்பாங், மோண்ட் கியாரா பக்கம் இருக்கும் கொரிய உணவகங்களுக்கு நண்பர்களோடு போய், இதை ஆசையாகச் சாப்பிட்டு, படம் பிடித்துப் போடுகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அதே ஆளிடம், "இன்னைக்கு வீட்டுல குடல் குழம்பு" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, நாத்தம்!" என்று மூக்கைப் பிடிப்பார்.

உறுப்பு ஒன்றுதான். அப்படியிருக்க, ஒன்று ஏன் விலை உயர்ந்த இரவுச் சாப்பாடாகவும் இன்னொன்று ஏன் வெட்கப்படும் சமாச்சாரமாகவும் ஆனது? கொப்சாங் என்பது என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், நம் வீட்டுக் குடல் எங்கே போனது, சாப்பிடும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

சுருக்கமாக

• கொப்சாங் என்றால் பெரும்பாலும் மாட்டின் சிறுகுடல். பன்றிக் குடலிலும் உண்டு.
• கொரியாவிலும் இது ஒரு காலத்தில் வசதியில்லாதவர்களின் சாப்பாடுதான்.
• மலேசியத் தமிழர் வீடுகளில் ஆட்டுக்குடல் குறைந்ததற்கு, ருசி மாறியதைவிட ஆடு வளர்த்த தோட்டங்கள் போனதே பெரிய காரணம்.
• சுத்தம் செய்வதும் முழுதாக வேகவைப்பதும்தான் முக்கியம். பாதி வெந்த குடல் ஆபத்தானது.

கொப்சாங், தேச்சாங், மாக்சாங்: என்ன வித்தியாசம்?

கொரிய மெனுவில் 'சாங்' என்று முடியும் சொற்கள் வரிசையாக இருக்கும். எல்லாமே குடல்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பகுதி.

கொப்சாங் என்பது சிறுகுடல். தேச்சாங் என்பது பெருங்குடல். மாட்டின் பெருங்குடலை உள்வெளியாகத் திருப்பிவிடுவதால் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த கொழுப்பு உள்ளே போய்விடும். சுட்ட தேச்சாங் வாயில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி கரைவதற்கு அதுதான் காரணம். மாக்சாங் என்பது மாட்டில் நான்காவது வயிறு. பன்றியில் அதே பெயர் பெருங்குடலின் கடைசிப் பகுதியைக் குறிக்கும். யாங் என்பது மாட்டின் முதல் வயிறு. இது கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும், கொழுப்பு குறைவு.

மாடு, ஆடு இரண்டும் அசைபோடும் விலங்குகள். வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அதனால்தான் நம் ஊரில் 'குடல்' என்று வாங்கும் பையிலும் ஒரே மாதிரி பொருள் இருக்காது. துண்டுத் துணி போலச் சொரசொரப்பாக இருப்பது முதல் வயிறு. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தக ஏடுகள் போல மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாவது. மெல்லிய குழாயாகச் சுருண்டிருப்பதுதான் உண்மையான குடல். சென்னைப் பக்கம் இதையெல்லாம் சேர்த்து 'போட்டி' என்பார்கள்.

சுடுவது மட்டும்தான் முறை என்று நினைக்க வேண்டாம். காய்கறியும் காரமும் போட்டு மேசையிலேயே கொதிக்கவைப்பது கொப்சாங் ஜொங்கோல். பன்றிக் குடலை மிளகாய் விழுதோடு இரும்புத் தட்டில் வதக்குவது கொப்சாங் பொக்கும். எது சாப்பிட்டாலும் கடைசியில் மிஞ்சும் கொழுப்பில் சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

உள்ளே இருக்கும் அந்த வெள்ளைக் கூழ் என்ன?

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கொப்சாங்கை வெட்டினால் உள்ளே வெண்மையாக, கெட்டியான கூழ் மாதிரி ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் 'கொப்'. அது நிறைந்திருந்தால்தான் நல்ல கொப்சாங் என்பார்கள்.

சிலர் பயப்படுகிற மாதிரி அது சாணம் இல்லை. சாணம் உருவாவது பெருங்குடலில். சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய சளிப்படலமும் செரிமான நீரும் சேர்ந்ததுதான் கொப். சூடு பட்டதும் அது கெட்டியாகி, பால் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் கொரிய முறையும் நம் முறையும் பிரிகின்றன. நாம் குடலை உள்வெளியாகத் திருப்பி, உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் உரசிக் கழுவுவோம். சுடுவதற்கான மாட்டுக் கொப்சாங்கை அவர்கள் அப்படிச் செய்வதில்லை. வெளிக்கொழுப்பை மட்டும் எடுத்து, கோதுமை மாவும் கல் உப்பும் போட்டுப் பிசைந்து, குளிர்ந்த தண்ணீரில் பலமுறை அலசுவார்கள். உள்ளே இருக்கும் கொப் வெளியே ஓடாமல் முனைகளைக் கட்டி முழுசாக அடுப்பில் வைப்பார்கள். பாதி வெந்து கொப் இறுகிய பிறகுதான் கத்தரிக்கோல் வரும்.

அதனால்தான் பொருள் புதிதாக இருப்பது அங்கே அவ்வளவு முக்கியம். உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சாப்பிடுவதால், ஒரு நாள் பழசானாலும் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஏழைகளின் சாப்பாடு விலை ஏறியது எப்படி?

கொரியாவில் நல்ல மாட்டிறைச்சி நெடுங்காலம் சாதாரண மக்களுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. நல்ல கறி வசதியானவர்களுக்குப் போகும். தலை, கால், ரத்தம், குடல் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். இறைச்சிச் சந்தைகளை ஒட்டியே குடல் கடைகளும் முளைத்தன. சியோலில் மாஜாங்டொங் இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் வாங்சிம்னி இன்றும் கொப்சாங்குக்குப் பேர் போன இடம்.

தேகு நகரத்தில் அன்ஜிராங் என்று ஒரு தெரு இருக்கிறது. 1979-ல் தொடங்கிய பழக்கம், இன்று தெரு முழுக்க வரிசையாகக் கொப்சாங் கடைகள். அங்கே பன்றிக் கொப்சாங்கைத் தட்டுக் கணக்கில் கேட்க மாட்டார்கள். 'ஒரு பகாஜி' என்பார்கள். பகாஜி என்றால் சுரைக்குடுக்கையில் செய்த அள்ளு பாத்திரம். ஒரு பகாஜிக்குச் சுமார் அரை கிலோ. மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து வயிறார சாப்பிடுவதற்கான கணக்கு அது.

பிறகு 2018 ஜூன் மாதம் ஒரு திருப்பம். மாமாமூ குழுவின் பாடகி ஹுவாசா, தனியாக வாழும் பிரபலங்களைக் காட்டும் எம்பிசி நிகழ்ச்சி ஒன்றில், கடையில் தன்னந்தனியாக உட்கார்ந்து கொப்சாங் சுட்டுச் சாப்பிட்டார். அவ்வளவுதான். நாடு முழுக்க ஆட்கள் கொப்சாங் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். சரக்குத் தட்டுப்பாடு வந்து, 'இன்று கொப்சாங் இல்லை' என்று எழுதி ஒட்டும் நிலை வந்தது.

விலை உயர்ந்ததற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. மாட்டின் சிறுகுடல் சுமார் 40 மீட்டர் நீளம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் கொழுப்பை எடுத்து, நல்ல பகுதியைப் பிரித்து, அடுப்பில் வைத்தால் சுருங்கி ஒரு பிடியாகிவிடும். சுத்தம் செய்யும் வேலைக்கு இயந்திரத்தைவிடக் கைதான் அதிகம் வேண்டும். நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்தக் கைகளுக்குத்தான்.

பந்திங் பக்கம் என்ன நடந்தது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பந்திங் இருப்பது சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில். கேரித் தீவு, மோரிப், தெலுக் டத்தோ என்று சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. அந்தத் தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்தார்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடோ ஆடோ கோழியோ வளர்ப்பது சம்பளத்துக்கு மேல் ஒரு சின்ன சேமிப்பு.

தீபாவளிக்கோ, முனியாண்டி கோயில் பூசைக்கோ ஆடு வெட்டினால் கூறு போடுவார்கள். கறி பிரிந்து வீடு வீடாகப் போகும். ரத்தம், ஈரல், குடல் இந்த மூன்றும் அன்றைக்கே அடுப்பேற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் முதலில் கெடுவது அவைதான். அதனால்தான் பண்டிகைக் காலையில் ரத்தப் பொரியலும் மத்தியானம் குடல் குழம்பும் என்று ஒரு முறை வந்தது. அது ருசிக்காக மட்டும் வந்த முறை இல்லை, வீணாகக் கூடாது என்கிற கணக்கிலிருந்து வந்தது.

என் பாட்டி பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். தீபாவளியன்று எல்லாரும் புதுத்துணி போட்டுக்கொண்டு நிற்க, அவர் மட்டும் பழைய கைலியோடு குழாயடியில் குந்தியிருப்பார். அலுமினியப் பேசினில் குடல். "தண்ணி கொதிக்கக் கூடாது கண்ணு, கை வைக்க முடியாத சூடு போதும்" என்பார். அப்போது நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிய பிள்ளை. அந்த ஒரு வரி மட்டும்தான் காதில் விழுந்தது. மீதி முறையை அவரிடம் நான் கேட்கவே இல்லை.

பிறகு தோட்டங்கள் மாறின. புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில். பக்கத்து மாவட்டமான சிப்பாங்கில் 1998-ல் கேஎல்ஐஏ விமான நிலையம் திறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்ட நிலங்கள் வீடமைப்பு ஆயின. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஐந்தாவது மாடியில் ஆடு வளர்க்க முடியாது. ஒரு பேசின் குடலை வெளியே வைத்துக் கழுவ இடமும் இல்லை.

இன்னொரு பக்கம், மலேசியாவில் சாப்பிடும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து, உறைந்த கறியாக வருகிறது. பெட்டியில் வருவது தொடையும் தோளும். குடல் அதோடு வராது. உள்ளூர் ஆடு வெட்டும் கடையைத் தெரிந்து, முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் புதுக் குடல் கிடைக்கும்.

ஆக, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் பெருத்துவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மை இல்லை. ஆடு போச்சு, இடம் போச்சு, கழுவத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவற்றோடு, 'அது தோட்டத்துச் சாப்பாடு' என்கிற வெட்கமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

நாம் ஏன் சுடவில்லை?

கொரியர்கள் சுட்டார்கள், நாம் ஏன் குழம்பு வைத்தோம்? விடை பொருளிலேயே இருக்கிறது.

மாட்டுச் சிறுகுடலில் கொழுப்பு அதிகம். தட்டில் வைத்தால் தன் கொழுப்பிலேயே தானே பொரியும். ஆட்டுக்குடல் மெல்லியது, கொழுப்பு குறைவு. அப்படியே தணலில் போட்டால் ரப்பர் வளையம் மாதிரி ஆகிவிடும். வயிற்றுப் பகுதியோ கொலாஜன் எனும் நார்ப்புரதம் நிறைந்தது. மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்தால்தான் அந்த நார் இளகி ஜெலட்டினாக மாறும். குடல் குழம்பு ஆறினால் கொஞ்சம் கட்டியாகிறதே, அதற்குக் காரணம் இந்த ஜெலட்டின்தான்.

அதனால் நம் வழி இரண்டு கட்டம். முதலில் மஞ்சளும் இஞ்சியும் போட்டு வேகவைப்பது. பிறகு தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பாக்குவது, அல்லது வெங்காயம், மிளகு, கறித்தூள் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை பெரட்டுவது. தோட்டத்துக் கள்ளுக்கடைக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றது பெரட்டல்தான். வட சென்னையின் தெருவோரக் கடைகளில் வெந்த போட்டியைப் பெரிய தோசைக்கல்லில் போட்டு, மிளகாய்த்தூளோடு வறுத்துத் தருவார்கள். கொரிய இரும்புத் தட்டுக்கு நம்மிடம் மிக நெருங்கிய உறவு அந்தக் கல்தான்.

குடல் சாப்பிடுவது நாம் மட்டுமா?

இல்லவே இல்லை. பந்திங்கிலேயே பக்கத்து வீட்டுப் பானையைப் பாருங்கள். கோல லங்காட்டில் ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்கள் அதிகம். மாட்டு வயிற்றுக்கு ஜாவா மொழியில் 'பாபாட்'. சூப்பாகச் செய்தால் சோத்தோ பாபாட். இதே சொல் கடல் கடந்து இலங்கைக்கும் போயிருக்கிறது. அங்கே மலாய் சமூகத்தின் வழியாகப் பரவிய மாட்டு வயிற்றுக் கறிக்கு இன்றும் பெயர் 'பாபத்'. காஜாங்கில் சாத்தே சாப்பிடப் போனால், கோழி, மாட்டு சாத்தேயோடு 'சாத்தே பெருட்' என்று கேட்டுப் பாருங்கள். குச்சியில் குத்தித் தணலில் சுட்ட வயிறு. நம்மைச் சுற்றியே சுட்ட குடல் வகை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

கிள்ளான் சீனர்களின் பாக் குட் தேவில் பன்றிக் குடலும் போடுவது உண்டு. 2024 பிப்ரவரியில் தேசிய மரபு உணவுகளில் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. காலையில் சாப்பிடும் சீ சோங் ஃபானுக்கு நேர்ப்பொருள் 'பன்றிக்குடல் நூடுல்ஸ்'. பயப்பட வேண்டாம், அது வெறும் அரிசி மாவுச் சுருள். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். கொரியாவிலும் இதே கதை உண்டு. 'கொப்சாங் கிம்' என்று விற்பது நெளிநெளியாக வளரும் ஒரு கடற்பாசி. அதில் குடல் இல்லை.

வெளியே போனால் துருக்கியின் கொகொரெச், பிலிப்பைன்ஸ் தெருக்களில் குச்சியில் சுடும் இசாவ், அர்ஜென்டினாவின் சின்சுலின், ஜப்பானின் ஹொருமோன். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு முதலாளிகள் விட்டுவைத்தது பன்றிக்குடல். அதிலிருந்து வந்த சிட்லின்ஸ் இன்று அவர்கள் பண்டிகைச் சாப்பாடு. அங்கேயும் ஒரு தலைமுறை அதை மறைத்தது, இன்னொரு தலைமுறை அதையே பெருமையாகச் சமைக்கிறது. கதை நமக்கும் பழக்கமானதுதான்.

ஆர்டர் செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

மலேசியாவில் இது முக்கியமான கேள்வி. கொப்சாங் என்ற சொல் எந்த விலங்கு என்று சொல்லாது. அதனால் தெளிவாகக் கேளுங்கள்.

• மாடா, பன்றியா? கொரிய மெனுவில் 'சோ' என்று தொடங்கினால் மாடு, 'துவேஜி' என்றால் பன்றி.
• மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்காரரா? 'சுட்ட குடல்' என்று மட்டும் எழுதியிருந்தால் மாடு என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள்.
• முஸ்லிம் நண்பரை அழைத்துப் போகிறீர்களா? ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக் குடல் என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது. மசாலாவில் சோஜுவோ அரிசி மதுவோ சேர்த்திருக்கலாம், அதே தட்டில் பன்றியும் சுட்டிருக்கலாம்.

சந்தையில் வாங்கும்போது மலாய்ச் சொற்கள் உதவும். 'பெருட்' என்றால் வயிறு, 'ஊசுஸ்' என்றால் குடல், 'லிம்பா' என்றால் மண்ணீரல், அதாவது நம் சுவரொட்டி. 'பாரு' என்றால் நுரையீரல். 'கம்பிங்' என்று சேர்த்துக் கேட்டால் ஆடு.

உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

எந்தப் பகுதி, எவ்வளவு, எத்தனை தடவை என்பதைப் பொறுத்தது.

சமைக்காத மாட்டு வயிறு 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம், 4 கிராமுக்கும் குறைவான கொழுப்பு, சுமார் 85 கலோரி. இது மோசமே இல்லை. ஆனால் கொலஸ்ட்ரால் சுமார் 120 மில்லிகிராம். தேச்சாங் வேறு கதை. உள்ளே முழுக்கக் கொழுப்பு. 'குடலில் புரதம் அதிகம்' என்று கேள்விப்பட்டதை நம்பி, தேச்சாங்கை உடற்பயிற்சிச் சாப்பாடாக நினைத்துவிட வேண்டாம்.

உள்ளுறுப்புகளில் பியூரின் அதிகம். உடம்பில் அது யூரிக் அமிலமாக மாறும். வீட்டில் யாருக்காவது கவுட் இருந்தால், குடலும் மதுவும் சேர்ந்த ஓர் இரவு மறுநாள் கால் கட்டைவிரலில் தெரிந்துவிடும். ரத்தக் கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கிருமி விஷயம் இன்னும் முக்கியம். குடல் என்பது பாக்டீரியா வாழும் இடம். ஈகோலை, சல்மொனெல்லா இரண்டும் வரலாம். பன்றிக் குடலில் யெர்சினியா என்ற கிருமியும் உண்டு. அமெரிக்க சுகாதாரத் துறை ஒவ்வொரு குளிர்காலமும் சிட்லின்ஸ் சமைக்கும் வீடுகளைக் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிப்பது இதனால்தான். கழுவும் கையோடு குழந்தையைத் தூக்குவதுகூட ஆபத்து. உள்ளே 71 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வேக வேண்டும். மேசையில் சுடும்போது பச்சைத் துண்டை எடுக்கும் இடுக்கி வேறு, சாப்பிடும் குச்சி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக் குடல் பற்றி இன்னொரு கவலையும் இருந்தது. 2008-ல் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை எதிர்த்து சியோலில் பெரிய மெழுகுவர்த்திப் போராட்டங்கள் நடந்தன. காரணம், பைத்திய மாட்டு நோய் பற்றிய பயம். அந்த நோய் விஷயத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதி ஆபத்துப் பகுதியாகக் கருதப்படுவதால், கட்டுப்பாடு உள்ள நாடுகளில் அதை வெட்டும் இடத்திலேயே நீக்கிவிடுகிறார்கள். உரிமம் உள்ள கடையில் வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

சுத்தம் செய்வது எப்படி?

பாட்டியிடம் கேட்காமல் விட்டதைப் பிறகு அத்தைகளிடமும் கறிக்கடைக்காரரிடமும் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். ஆட்டுக்குடலுக்கான முறை இது.

1. வாங்கிய அன்றே வேலையை முடியுங்கள். குடலையும் வயிற்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் போடுங்கள்.
2. வயிற்றைப் பிளந்து உள்ளே இருப்பதைக் கொட்டி, ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.
3. கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் கொஞ்சம் சுண்ணாம்பு. வயிற்றை ஓரிரு நிமிடம் முக்கி எடுத்துக் கத்தியால் சுரண்டினால் கறுப்புத் தோல் உரிந்து வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் அந்தத் தோல் இறுகி ஒட்டிக்கொள்ளும். பாட்டி சொன்ன ஒரு வரியின் அர்த்தம் இதுதான்.
4. சிறுகுடலை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, மெல்லிய குச்சியின் முனையில் மாட்டி உள்வெளியாகத் திருப்புங்கள். குழாயடியில் தண்ணீர் ஓடவிட்டு உருவுங்கள்.
5. கல் உப்பு, மஞ்சள் தூள், ஒரு பிடி அரிசி மாவு போட்டுப் பிசையுங்கள். மாவு வழவழப்பை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து தடவை அலசுங்கள்.
6. கழுவு தொட்டி, வெட்டுப் பலகை, கத்தி எல்லாவற்றையும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். குடலைக் கழுவியதோடு வேலை முடிவதில்லை.

மாவும் உப்பும் போட்டுப் பிசைவதைப் பாருங்கள். கொரியாவில் கோதுமை மாவு, நம்மிடம் அரிசி மாவு. இரண்டு சமையல்கட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே வித்தை.

வீட்டில் சுட்டுப் பார்க்கலாமா?

ஆட்டுக்குடலில் தாராளமாகச் செய்யலாம், இரண்டு கட்டமாக.

சுத்தம் செய்த அரை கிலோ ஆட்டுச் சிறுகுடலை மஞ்சள், தட்டிய இஞ்சி, ஆறு பல் பூண்டு, உப்பு போட்டு மெல்லிய தீயில் 40 நிமிடம் வேகவையுங்கள். வயிற்றுப் பகுதியும் சேர்த்தால் பிரஷர் குக்கரில் ஏழெட்டு விசில். தண்ணீரை வடித்து, துணியால் ஒற்றி, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஈரம் இருந்தால் சுடாது, அவியும்.

பிறகு ஒரு கரண்டி நல்லெண்ணெய், இடித்த மிளகு, சோம்புத்தூள், கொஞ்சம் கிச்சாப் போட்டுப் புரட்டி, காய்ந்த இரும்புக் கல்லில் பரப்புங்கள். உடனே கிளற வேண்டாம். ஒரு பக்கம் நிறம் வந்ததும் திருப்புங்கள். கடைசியில் பூண்டுத் துண்டும் பச்சைமிளகாயும் போட்டு அந்தக் கொழுப்பிலேயே வதக்குங்கள். கொரியர்கள் கீரை இலையில் மடித்துச் சாப்பிடுவார்கள். நமக்கு வெற்றுச் சோறும் ரசமும் போதும். எலுமிச்சை பிழிந்தால் கொழுப்பு திகட்டாது.

கடைசியாக

கொப்சாங் சாப்பிடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. நன்றாகச் செய்தால் அருமையான சாப்பாடு. ஆனால் அடுத்த தடவை அந்தத் தட்டுக்குக் காசு கொடுக்கும்போது, நாம் விலை கொடுப்பது எதற்கு என்று யோசிக்கலாம். விலங்கின் மலிவான ஒரு பகுதியை, பொறுமையாகக் கழுவி, ருசியாக மாற்றத் தெரிந்த கைக்கு. அந்தக் கை நம் வீட்டிலும் இருந்தது. பலர் வீட்டில் இன்னும் இருக்கிறது.

வரும் தீபாவளிக்கு ஊருக்குப் போனால், பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ குழாயடியில் குந்தும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். எத்தனை தடவை அலசுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு சூடு, சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் விருப்பம். முறை மட்டும் போய்விட்டால், திரும்பக் கேட்க ஆள் இருக்காது.